ஆளுக்கொரு பாயிண்ட் காற்று

மெஷின் மூச்சு விடுகிறது என்று யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். மெஷின் எங்கே மூச்சு விடுகிறது? அது காற்றைத் தள்ளும், அவ்வளவுதான். மூச்சு விடுகிறவர் கட்டிலில் கிடக்கிற மனிதர். முப்பத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்தேன். அதில் கடைசிப் பதினெட்டு வருஷம் செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இருதய வார்டில். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணீர் வற்றியது. கேட்டவர்கள் நன்றாகத் தலையாட்டிவிட்டு, "சரி சிஸ்டர், மெஷின் நல்லா மூச்சு வுடுதா?" என்றுதான் மறுபடியும் கேட்பார்கள்.

போன வாரம் பிரியா போன் செய்தாள். என்னோடு வேலை பார்த்தவள். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த வார்டுக்கு அவள்தான் இன்சார்ஜ்.

"ஸ்டெல்லாக்கா, புது மெஷின் வந்துகீது. காத்து பிரஷர அதுவே பாத்து ஏத்திக்குது, அதுவே எறக்கிக்குது. நாம பட்டனத் தொடவே வேணாம். தொட்டாலும் பாஸ்வேர்டு கேக்குது."

"நல்லதாப் போச்சு. உங்க கையெல்லாம் நம்ப முடியாது."

"ஆமா, உங்க கை மட்டும் ரொம்ப ஒழுங்கு!" என்று சிரித்தாள். வழக்கமான கேலிதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போனை வைத்துவிட்டுப் படுத்தேன். மத்தியான நேரம். கொளவாய் ஏரிப் பக்கமிருந்து வந்த காற்றில் ஜன்னல் திரை உப்பி உப்பி அடங்கியது. எங்கோ ஒரு ரயில் போய்க்கொண்டே இருந்தது, முடியவே முடியாத மாதிரி. கண் பாதி மூடிய நிலையில் அந்தத் திரை எனக்கு ஒரு மனிதரின் நெஞ்சாகத் தெரிந்தது. உப்பியது, அடங்கியது. என் பழைய நோயாளி மாணிக்கத்தின் நெஞ்சு. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று சொல்லத் தெரியவில்லை. எழுந்தபோது முகத்தில் மாஸ்க் வார் பதிந்த மாதிரி தலையணையின் கோடு இருந்தது.

வார்டு அனுபவத்தை எழுதுங்கள் அக்கா, எழுதுங்கள் என்று பிரியா ரொம்ப நாளாக நச்சரிக்கிறாள். சோம்பல் என்று சொல்லித் தட்டிக்கழித்து வந்தேன். பொய். சோம்பல் இல்லை, வெட்கம். பிழைக்க வைக்க வேண்டிய காற்றாலேயே ஒரு மனிதரைச் சாவின் வாசல் வரைக்கும் கொண்டுபோனோம். அவர் பிழைத்தார். ஆனால் நடந்தது என்ன என்று அவர் மனைவியிடம் நான் சொல்லவில்லை. ஒன்பது வருஷம் சொல்லவில்லை.

நான் நர்ஸான கதை பெரிதில்லை. செய்யூர் பக்கம் ஊர். அப்பா அடுத்தவர் நிலத்தில் கடலை பிடுங்கியவர். மிஷன் ஹாஸ்டலில் தங்கி நர்ஸிங் முடித்தேன், நாலைந்து ஆஸ்பத்திரி மாறினேன், கடைசியில் இங்கே வந்து சேர்ந்தேன். வந்த பிறகுதான் அந்த மாஸ்க் மெஷினைப் பார்த்தேன்.

இருதயம் தளர்ந்துபோனவர்களுக்கு ரத்தத்தைத் தள்ளுகிற பலம் குறைந்துவிடும். தள்ளாத ரத்தம் பின்னால் தேங்கும், தேங்கினால் நுரையீரலுக்குள் நீராகக் கசியும். படுக்க முடியாது. எழுந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து காற்றைத் தேடுவார்கள். தரையில் உட்கார்ந்துகொண்டே மூழ்குகிறேன் சிஸ்டர் என்று ஒருவர் சொன்னார். அவர்களுக்கு மூக்கும் வாயும் மூட இறுக்கமாக மாஸ்க் கட்டி, மெஷினிலிருந்து விடாமல் அழுத்தத்தோடு காற்றைக் கொடுப்போம். நீர் பின்வாங்கும்.

அது நுரையீரலுக்கு நடப்பது, எல்லோருக்கும் தெரியும். அதே காற்று இருதயத்தை என்ன செய்யும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. நெஞ்சுக்கூட்டுக்குள் இருதயம் என்பது ஷேர் ஆட்டோவில் இரண்டு பருத்த ஆட்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஆள். இரண்டு பக்கமும் நுரையீரல் உப்பினால் அது நெருக்கப்படும். உடம்பிலிருந்து திரும்பி வருகிற ரத்தம் குறையும். நிரம்பி வழிகிற இருதயத்துக்கு அது பெரிய உபகாரம். சுமை குறைகிறது, வெளியே தள்ளுவதும் சுலபமாகிறது. ஆனால் நீரெல்லாம் வற்றிய பிறகும் அதே மாதிரி நெருக்கினால், வருகிற கொஞ்சநஞ்ச ரத்தமும் வராது. தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாமல் இருதயம் சும்மா அடித்துக்கொண்டிருக்கும்.

இதை எனக்குச் சொன்னவர் எங்கள் டாக்டர் குணசேகரன். மதுராந்தகத்துக்காரர், விவசாயக் குடும்பம். அதனால் எதைச் சொன்னாலும் ஏரியில் போய்த்தான் நிற்பார். "ஏரி ரொம்பிக் கரை ஒடையிற மாதிரி இருக்கு, அப்ப வர்ற தண்ணிய மறிச்சா ஊர் பொழைக்கும். ஏரியே காஞ்சு கெடக்குறப்ப மறிச்சா? அவ்ளோதான் சிஸ்டர் விஷயம்" என்பார்.

அவர் ரவுண்ட்ஸ் வருவதே ஒரு தினுசு. செருப்பைக் கதவருகே கழற்றிவிடுவார். மானிட்டரைப் பார்க்க மாட்டார், சார்ட்டைப் பார்க்க மாட்டார். நேராகக் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், நோயாளியின் இரண்டு பாதங்களையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். பாதம் சூடாக இருந்தால் ரத்தம் அதுவரைக்கும் போகிறது என்று அர்த்தம். புதிதாக வந்த நோயாளிகள் பதறிப்போவார்கள். "ஐயோ, டாக்டர் சாரு கால்ல வுழுறாரே!" என்று ஒரு பெரியவர் அலறியிருக்கிறார். நாங்கள் பின்னால் நின்று சிரிப்பை அடக்குவோம். அவர் திட்டியே நான் பார்த்ததில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் வார்டில் ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத பழக்கம். டூட்டி மாறும் நேரத்தில் நோயாளியின் ஆக்ஸிஜன் அளவு குறைந்தால் வீட்டுக்குப் போகிற நர்ஸுக்குத்தான் கெட்ட பெயர். அதனால் பையை எடுத்துத் தோளில் மாட்டுவதற்கு முன் மாஸ்க் மெஷினின் மேல் அம்புப் பட்டனை ஒரு தரம் அமுக்கிவிட்டுப் போவோம். ஒரு பாயிண்ட் கூடும். ஆக்ஸிஜன் எண் அழகாக மேலே நிற்கும். அடுத்து வருகிறவளும் தன் டூட்டி முடியும்போது ஒரு பாயிண்ட். மறுநாள் டாக்டர் வந்து தேவையானதற்கு இறக்கிவிடுவார். யாரும் இதை எழுதுவதில்லை. ஒரு பாயிண்ட்தானே! கெடுதல் செய்கிறோம் என்று ஒருத்தியும் நினைக்கவில்லை. சாப்பாட்டில் கூடுதலாக ஒரு கரண்டி போடுகிற மாதிரிதான் நினைத்தோம்.

மாணிக்கம் வந்தது ஒரு காலை நேரம். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலோரக் கிராமம். சிறுசேரிக் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறவர், ஐம்பது வயது இருக்கும். அந்த வேனிலேயே அவருடைய தம்பி ஏழுமலை அவரைக் கொண்டுவந்தார். உதடு நீலமாக இருந்தது, மூச்சில் நுரை, சட்டை நனைந்து பிழியலாம். கூடவே மனைவி சரோஜா, ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்கிறவள், யூனிஃபார்ம் புடவையோடு ஓடிவந்திருந்தாள்.

மாஸ்க் கட்டுவதில் ஒரு பக்குவம் இருக்கிறது. மூச்சுக்குத் தவிக்கிறவர் முகத்தில் எடுத்தவுடன் கட்டினால் பிய்த்து எறிவார். நான் முதலில் காற்றை நாலு பாயிண்டில் வைத்து, மாஸ்க்கை அவர் கையிலேயே கொடுத்து, கன்னத்தில் அது ஊதுவதைக் காட்டுவேன். பிறகு வெறும் கையால் முகத்தில் பிடிப்பேன். நாலைந்து மூச்சு உள்ளே போன பிறகுதான் வாரைக் கட்டுவேன். வாருக்கும் கன்னத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போகவேண்டும், அதற்கு மேல் தளர்ச்சி கூடாது. மூக்குத் தண்டில் புண் வராமல் ஒரு பஞ்சு. அதற்குப் பிறகு காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும்.

மாணிக்கம் அதற்கும் அடங்கவில்லை. "பிசாசு மூஞ்ச அமுக்குற மாரி கீது, வுடுங்க" என்று இழுத்தார். சரோஜா அவர் கை இரண்டையும் பிடித்துக்கொண்டாள். "யோவ், அத்தப் பாக்காத, என்னப் பாரு. என்னப் பாத்துகினே வுடு மூச்ச." அவளைப் பார்த்துக்கொண்டே விட்டார். மாஸ்க் நோயாளிகளுக்குத் துணையாக வீட்டார் ஒருவர் பக்கத்தில் இருக்கலாம் என்று எங்கள் வார்டில் அனுமதி உண்டு. சரோஜா அந்த ஸ்டூலை விட்டு இரண்டு நாள் நகரவில்லை.

நீர் பிரிய மருந்து போட்டோம். மூத்திரப் பை நிறைய நிறைய மாற்றினோம். சாயங்காலத்துக்குள் மனிதர் கண்ணால் சிரித்தார். மறுநாள் காலை டாக்டர் பாதத்தைப் பிடித்துப் பார்த்து, "நல்ல சூடு. எட்டுல வைங்க, நான் வந்து கொறைக்கிறேன்" என்று சொல்லி, அதைச் சார்ட்டில் எழுதிவிட்டு ஒரு வேலையாகச் சென்னைக்குப் போனார்.

அவர் திரும்பி வர ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் நாலு தரம் டூட்டி மாறியது.

மாணிக்கத்தின் ரத்த அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கியது. மூத்திரம் குறைந்தது. கூப்பிட்டால் கண் திறப்பார், உடனே மூடிக்கொள்வார். ஆக்ஸிஜன் எண் மட்டும் ஜம்மென்று தொண்ணூற்றெட்டில் நின்றது. அதைப் பார்த்துப் பார்த்து நாங்கள் ஏமாந்தோம். டூட்டி டாக்டர் சின்ன வயசுப் பையன். இருதயம் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது என்று முடிவு செய்து வீட்டாரிடம் சொன்னார். அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஏழுமலை என்னிடம் வந்தார். "சிஸ்டர், உசுரு வூட்லதான் போவணும். அண்ணன எட்துனு போறோம்." எங்கள் பக்கத்தில் இதை யாரும் தடுக்க மாட்டார்கள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். சரோஜா அழவில்லை. அவர் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். அந்த வேளையை நினைத்தால் எனக்கு எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடந்த மாதிரி இருக்கிறது. வார்டில் வெளிச்சம் பச்சையாக, திரைத்துணி வழியாக வந்தது. ஆம்புலன்ஸ்காரர் மெஷின் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, தன் சிலிண்டரிலிருந்து சாதாரண மாஸ்க்கைப் போட்டார். ஏதோ ஒரு படிவத்தில் ஏழுமலையின் கையெழுத்து விட்டுப்போயிருந்தது, அதற்காக ஒரு பத்து நிமிஷம் நின்றார்கள். டூட்டி முடிந்தும் நான் கிளம்பவில்லை, மானிட்டர் ஒயரை இன்னும் கழற்றவில்லை. சும்மா நிமிர்ந்து பார்த்தேன். எழுபத்தெட்டாக இருந்த ரத்த அழுத்தத்தின் மேல் எண் இப்போது எண்பத்தாறு என்று காட்டியது. தப்பாக இருக்கும் என்று மறுபடி கைப்பட்டையை ஓட்டினேன். தொண்ணூற்று நாலு.

மாணிக்கம் கண்ணைத் திறந்தார். "தண்ணி" என்றார்.

திரும்பி மெஷினைப் பார்த்தேன். பதினாலு. சார்ட்டில் எட்டு என்று எழுதியிருக்க, மெஷினில் பதினாலு. அதில் ஒன்று என்னுடையது, அரை மணிக்கு முன்னால் பையை எடுக்கும்போது நான் போட்டது. சாகப்போகிறவருக்குக் கடைசியாக ஒரு நல்லது செய்கிற நினைப்பில் போட்டேன்.

"ஸ்ட்ரெச்சர நிறுத்துங்க!" என்று கத்தினேன். டாக்டர் குணசேகரனுக்குப் போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "கால் எப்படி?" தொட்டுப் பார்த்தேன். "பாதம் இன்னும் சில்லுனு இருக்கு சார். கணுக்கால் சூடு வருது." இரண்டாவது கேள்வி, "மெஷின்ல பிரஷர் எவ்ளோ வெச்சிருந்தீங்க?"

சரோஜா என் எதிரில் நின்றாள். ஏழுமலை நின்றார். நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு வெராண்டாவுக்குப் போனேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சொன்னேன். "பதினாலு சார். நாங்கதான் ஏத்திட்டோம்."

அவர் நிதானமாக, "அஞ்சுல மாஸ்க் போடுங்க. கால் ரெண்டையும் தூக்கி வைங்க. சலைன் கொஞ்சமா, கூடவே நின்னு போடுங்க. நான் வர்றேன்" என்றார்.

சாயங்காலம் அவர் வந்தபோது பாதம் சூடாகிவிட்டிருந்தது. சரோஜா என்னிடம், "இன்னா சிஸ்டர் ஆச்சி?" என்று கேட்டாள். "மருந்து இப்பதான் புடிக்குதும்மா" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு ஸ்டூலை மெஷினை விட்டுத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். எனக்கு அது விசேஷமாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை டாக்டர் என்னை ஒரு காலிக் கட்டிலில் படுக்கச் சொன்னார். மாஸ்க்கை எனக்கே கட்டினார். எட்டில் சுகமாக இருந்தது, கடற்கரையில் காற்றுக்கு எதிரே நிற்கிற மாதிரி. பதினாலுக்கு ஏற்றினார். மூச்சு உள்ளே தானாக வந்தது, வெளியே விடத்தான் பாடுபட வேண்டியிருந்தது. நெஞ்சு விரிந்து விரிந்து அதற்குள் நான் எங்கோ சின்னதாகக் கிடந்தேன். சத்தமெல்லாம் தூரப் போனது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவர் மாஸ்க்கை எடுத்தார். "உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. உங்க உடம்புல தண்ணி இருக்கு. அந்த ஆளுக்குத் தண்ணிய எல்லாம் நாமளே எடுத்துட்டோம். அப்புறம் அமுக்குனோம்." 'நாம' என்று தன்னையும் சேர்த்துக்கொண்டார். அன்று கட்டிலில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். அதற்குப் பிறகு, பட்டனைத் தொட்டால் பேரும் நேரமும் எழுத வேண்டும் என்று ஒவ்வொரு மெஷினிலும் அட்டை தொங்கியது.

மாணிக்கம் நடந்து வீட்டுக்குப் போனார். ஏழு வருஷம் இருந்தார். வேன் ஓட்டவில்லை, ஒரு பார்க்கிங்கில் சீட்டுக் கிழித்தார். மாடி ஏறினால் மூச்சு வாங்கும், மற்றபடி மனிதர் நன்றாகத்தான் இருந்தார். வருஷா வருஷம் செய்யூர் பக்கம் கடலை பிடுங்கும் காலத்தில், சரோஜா தன் அண்ணன் நிலத்துக் கடலை அரை மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவாள். என் மேஜைக்குக் கீழே வைத்துவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் ஓடிவிடுவாள். நன்றி மிகுதி என்று நினைத்தேன். ஒவ்வொரு தரமும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பேன். சொல்ல வராது. இரண்டு வருஷத்துக்கு முன் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று ஏழுமலை போனில் சொன்னார்.

பிரியா கேலி செய்த மறுநாள் பஸ் ஏறிப் போனேன். ரிசார்ட் வேலை முடிந்து சரோஜா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். "இன்னா சிஸ்டர், சொல்லாம கொள்ளாம!" என்று பதறி எழுந்தாள். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். டூட்டி மாறும்போது ஆளுக்கொரு பாயிண்ட் போட்டது, அதனால்தான் அவர் உடம்பு சில்லிட்டது, நான் வெராண்டாவுக்குப் போய்ப் பேசியது, மருந்து என்று சொன்ன பொய். வீடுகளுக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்துகொண்டிருந்தது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"சிஸ்டர், நானுந்தான் அமுக்கினேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அந்த மேல போற அம்பு பட்டன. நீங்க ஒவ்வொருத்தரும் டூட்டி முடிஞ்சி போறப்ப அத்த அமுக்கிட்டு, 'இப்ப நல்லா இருக்கும்'னு சொல்லிட்டுப் போவீங்க. நல்லதுக்குத்தான் போலன்னு, யாரும் இல்லாதப்ப ரெண்டு தபா அமுக்கினேன். அப்பால பாத்தா ஒடம்பே சில்லுன்னு ஆயிடிச்சி. நான்தான் கெடுத்துட்டேன்னு இருந்தேன். அவுரு படியேறி மூச்சு வாங்குனா, என் கைய வெட்டிப் போட்டுக்கலாம் போல இருக்கும். சாவுற வரிக்கும் அவுராண்ட சொல்லல."

"ஒம்போது வருஷமாவா சரோஜா?"

"உங்களாண்டயாச்சும் சொல்லிடணும்னுதான் வேர்க்கல்லய தூக்கினு வருவேன். உங்களப் பாத்தா பயம் வந்துடும். வெச்சிட்டு ஓடியாந்துடுவேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீ எங்களப் பாத்துத்தானே அமுக்குன. தப்பு எங்களோடதும்மா, உன்னோடது இல்ல" என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்கு வெராண்டாவுல போயி போன்ல சொன்னீங்களே, அத்த எங்க எதுர்லயே சொல்லியிருந்தா இன்னா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.